‘இது எனக்குக் கொடுக்கப்பட்ட சிலுவை’ என்று எழுதிய சகோதரிக்கு

வாசகி ஒருவர் கையால் எழுதிய ஆறு பக்கக் கடிதம் வந்திருக்கிறது. யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 52, கணவருக்கு 57. நான்கு வருடங்களுக்கு முன் ஒரு காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்த கணவர் அப்படியே சரிந்து விழுந்தார். மூளையின் இடது பக்க இரத்தக் குழாயில் அடைப்பு. வலது கையும் காலும் செயலிழந்தன, பேச்சும் போய்விட்டது. ‘ஆமா’, ‘இல்ல’ என்பார். அதுவும் சில நேரம் மாறி வரும். மனைவியின் பெயர் வாயில் வராது. ஆனால் குடும்ப ஜெபத்தில் ‘பரமண்டலங்களிலே இருக்கிற’ என்று யாராவது தொடங்கினால் போதும், ‘ஆமென்’ வரை கூடவே சொல்லி முடித்துவிடுவார்.

இந்தச் சகோதரி வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொள்கிறார். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இரவு 10, 12, 2, 4 என்று போனில் அலாரம். நான்கு வருடத்தில் ஒரு இரவும் தவறவில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் மகன், ‘ராத்திரிக்கு ஓர் ஆள் வைத்துக்கொள்ளுங்கள், சம்பளம் நான் தருகிறேன்’ என்று மூன்று முறை கேட்டுவிட்டார். ‘இது கர்த்தர் எனக்குக் கொடுத்த சிலுவை, இன்னொருத்தர் தோளில் வைக்க மாட்டேன்’ என்று அம்மா மறுத்துவிட்டார். வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருக்கிறார். அன்று தன்னுடைய இரத்த அழுத்த மாத்திரையையும் விட்டுவிடுகிறார். ஒருமுறை சமையலறையில் மயங்கி விழுந்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை.

முதல் வருடம் சபையிலிருந்து வாராவாரம் வந்தார்கள். இப்போது இரண்டு மூன்று பேர் எப்போதாவது போன் செய்கிறார்கள். சபையில் மூத்தவர் ஒருவர், ‘ஏதாவது மறைவான பாவம் இருக்கும், அறிக்கை செய்யச் சொல்லுங்கள்’ என்றார். கணவரின் அக்கா, ‘உன்னைப் பக்குவப்படுத்தத்தான் கர்த்தர் இதை அனுமதித்திருக்கிறார்’ என்றார். கணவர் திடீர் திடீரென்று விம்மி விம்மி அழுகிறார். அந்தப் பெரியவர் சொன்னது உண்மையாக இருக்குமோ என்று இவருக்கே இப்போது சந்தேகம் வந்துவிட்டது.

போன மாதம் ஓர் இரவு, 2 மணிக்குத் துணி மாற்றிச் சுத்தம் செய்து முடித்த உடனே படுக்கை மறுபடியும் நனைந்துவிட்டது. ஆத்திரத்தில் கணவரின் கையை அழுத்திப் பிடித்துப் புரட்டியிருக்கிறார். காலையில் பார்த்தால் கையில் நான்கு விரல் தடம். பிசியோதெரபி செய்பவர் வந்தபோது, கணவர் நல்ல கையால் சட்டைக் கையை இழுத்து அந்தத் தடத்தை மூடிக்கொண்டாராம்.

‘இந்தப் பாடுகளுக்கு ஒரு நோக்கம் இருக்கும் என்று நான்கு வருடமாகத் தேடுகிறேன், கிடைக்கவில்லை. இப்போது ஜெபமும் வரவில்லை. சீக்கிரம் அவரை எடுத்துக்கொள்ளும் என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். அவர் போனால் நானும் போய்விடலாம் என்று தோன்றுகிறது. நான் விசுவாசத்தில் தோற்றுப்போனவளா?’ என்று முடிக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

பக்கவாதம் வந்தவர்களின் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் பல வருடங்களாக என் வேலை. நானும் ஒரு விசுவாசி. இந்த இரண்டு இடத்திலிருந்தும் உங்களுக்குப் பதில் எழுதுகிறேன்.

வேறு எதற்கும் முன்னால், கடிதத்தின் கடைசி வரிகளில் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும். ‘நானும் போய்விடலாம்’ என்பது களைப்பில் வந்த நினைப்பா, அல்லது எப்படி, எப்போது என்கிற அளவுக்கு யோசித்திருக்கிறீர்களா? அந்த அளவுக்குப் போயிருந்தால் இதற்கு மேல் படிக்க வேண்டாம். இப்போதே மகனுக்குப் போன் செய்து, கடிதத்தில் எனக்கு எழுதிய அதே வார்த்தையை அவரிடம் சொல்லுங்கள். இன்றைக்கே ஒரு மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் இருக்கும் மாத்திரைகளை வேறொருவர் பொறுப்பில் கொடுத்துவிடுங்கள். வெறும் களைப்புதான் என்றாலும் இந்த வாரத்துக்குள் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், சாக வேண்டும் போன்ற எண்ணத்தோடு இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது மனச்சோர்வு நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். அது குணப்படுத்தக்கூடிய நோய். விசுவாசத்தின் அளவைக் காட்டும் கருவி அல்ல.

‘அவரை எடுத்துக்கொள்ளும்’ என்று கேட்டதைக் கொலை செய்ததுபோல எழுதியிருக்கிறீர்கள். வருடக்கணக்கில் படுக்கையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்கிற எத்தனையோ பேர் என்னிடம் இதைச் சொல்லியிருக்கிறார்கள். கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். இந்த வேதனை முடியாதா என்கிற கேள்விதான் அந்த வார்த்தையாக வெளியே வருகிறது. மோசே ஜனங்களைச் சுமந்து களைத்துப்போய், ‘இப்படிச் செய்வதானால் என்னைக் கொன்றுபோடும்’ என்று கர்த்தரிடம் கேட்டது எண்ணாகமம் 11-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கர்த்தர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. ‘எழுபது பேரைக் கூட்டிக்கொண்டு வா, பாரத்தைப் பகிர்ந்துகொள்ளட்டும்’ என்றார். அந்த எழுபது பேரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பாவத்தின் தண்டனையா?

இல்லை. உங்கள் சபைப் பெரியவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் சொன்னது தவறு. பிறவிக் குருடனைப் பார்த்து, ‘இது யார் செய்த பாவம்’ என்று சீஷர்கள் கேட்டபோது, அவனும் அல்ல, அவனைப் பெற்றவர்களும் அல்ல என்று இயேசு நேராகவே சொன்னார். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோதும், அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்காதீர்கள் என்றார். எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபின் நண்பர்கள் கடைசிவரை வாதாடியதும் இதே தண்டனைக் கதையைத்தான். அவர்கள் பேசியது சரியல்ல என்று கர்த்தரே தீர்ப்புச் சொல்கிறார். இத்தனையும் வேதத்தில் இருக்கும்போது, படுக்கையில் பேச முடியாமல் கிடக்கிற ஒருவரிடம் போய்ப் பாவ அறிக்கை கேட்க யாருக்கும் உரிமை இல்லை. அடுத்த முறை யாராவது அப்படிச் சொன்னால், ‘அவர் காதில் விழும், இங்கே அதைப் பேசாதீர்கள்’ என்று சொல்லுங்கள். பேச்சு போனவர்களில் பலருக்குப் புரிதல் பெருமளவு மிச்சமிருக்கும். நாம் பேசுவது அவருக்குக் கேட்கிறது என்று எண்ணியே பேச வேண்டும்.

உடலளவில் ‘ஏன் வந்தது’ என்பதற்கான பதில் உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது. பத்து வருடமாக இரத்த அழுத்தம் இருந்தது, இடையில் சில மாதம் மாத்திரையை நிறுத்தியிருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கவாதத்துக்கு மிகப் பெரிய காரணம் கட்டுக்குள் இல்லாத இரத்த அழுத்தம்தான். அவரைக் குறைசொல்ல இதை எடுக்கவில்லை. மாத்திரை விட்டுப்போகாத வீடு அபூர்வம். ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் இப்போது நீங்களும் அதையேதான் செய்கிறீர்கள். மாத்திரையை விட்டுவிட்டு இருக்கும் உபவாசத்தைத் தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். உபவாசம் முக்கியம் என்றால், உங்கள் உடம்புக்கு எது சரிவரும் என்று மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

அவருடைய அழுகை

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். நான்கு வருடமாக நீங்கள் இதைத் தவறாகப் புரிந்துகொண்டு வேதனைப்பட்டிருக்கிறீர்கள்.

பக்கவாதத்துக்குப் பிறகு இரண்டு விதமான அழுகை வரலாம். ஒன்று, மூளையில் உணர்ச்சியின் வெளிப்பாட்டை அடக்கி ஆளும் பாதைகள் பாதிக்கப்படுவதால் வருவது. சின்ன விஷயத்துக்குக்கூட, சில நேரம் காரணமே இல்லாமல், மடை திறந்ததுபோல அழுகை வரும். ஒரு நிமிடத்தில் நின்றும் போகும். உள்ளே அவ்வளவு துக்கம் இருக்க வேண்டும் என்பதில்லை. சிலருக்கு இதேபோலச் சிரிப்பு வரும். இரண்டாவது, உண்மையான மனச்சோர்வு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. பேச முடியாதவர்களிடம் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்பதால் பல நேரம் சிகிச்சை இல்லாமலே விட்டுப்போகிறது. எந்த வகை அழுகையானாலும் மருந்து இருக்கிறது. நரம்பியல் மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ, எப்போது அழுகிறார், எவ்வளவு நேரம், சாப்பாடு தூக்கம் எப்படி என்று குறித்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். மறைவான பாவத்துக்கும் இந்த அழுகைக்கும் சம்பந்தமில்லை.

கர்த்தருடைய ஜெபத்தை முழுதாகச் சொல்கிறார், என் பெயரை மட்டும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரிக்குக் கீழே மை கொஞ்சம் கலைந்திருந்தது. சகோதரி, அவர் உங்களை மறக்கவில்லை. புதிதாக ஒரு சொல்லைத் தேடி எடுத்துப் பேசுவது ஒரு வேலை. சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை சொல்லிப் பழகிய ஜெபம், பாட்டு, எண்ணிக்கை எல்லாம் தானாக ஓடி வருவது வேறு வேலை. இடது பக்க மூளையில் பேச்சுப் பகுதி சிதைந்தவர்களுக்கும் இரண்டாவது வகை தப்பிப் பிழைப்பது உண்டு. பேச்சுப் பயிற்சியாளர்கள் பாட்டைப் பிடித்துக்கொண்டே சில சொற்களை மீட்க முயல்வதும் இதனால்தான். ஒரு விசுவாசியாக நான் இதையும் சேர்த்துச் சொல்வேன்: எல்லாம் இடிந்துபோன வீட்டில் அந்த ஜெபம் மட்டும் நிற்கிறதென்றால், அதற்காக நான் நன்றி சொல்வேன். ஆனால் ‘ஜெபம் வருகிறது, பெயர் வரவில்லை’ என்பதை வைத்து அவர் அன்பை அளக்காதீர்கள்.

உங்கள் நாத்தனாரிடம் நீங்கள் கேட்காமல் எனக்கு எழுதிய கேள்வி

‘என்னைப் பக்குவப்படுத்துவதற்கு அவரை ஏன் படுக்கவைக்க வேண்டும்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியை எழுதியதற்காகப் பயந்து, அடுத்த வரியிலேயே மன்னிப்பும் கேட்டிருக்கிறீர்கள். எதற்கு மன்னிப்பு? கடிதத்திலேயே இதுதான் நியாயமான கேள்வி. ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்குப் பாடம் நடத்துவதற்கான கரும்பலகை அல்ல. உங்கள் கணவருக்கென்று ஒரு வாழ்க்கை இருந்தது, இப்போதும் இருக்கிறது. அதை உங்கள் வளர்ச்சிக்கான உபகரணமாக ஆக்கிப் பேசும்போது அவரும் சின்னவராகிறார், தேவனும் சின்னவராகிறார்.

இந்த வேலைக்கு வந்த புதிதில் நானும் இப்படிப் பேசியிருக்கிறேன். மகளைப் பறிகொடுத்த ஒரு தாயிடம், ‘இதற்குள் ஒரு நோக்கம் இருக்கும், ஒரு நாள் புரியும்’ என்றேன். அந்த அம்மா மடியில் வைத்திருந்த பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டி விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார்கள். அப்புறம் எழுந்து போய்விட்டார்கள், திரும்ப வரவே இல்லை. அவர்களுக்கு அன்று தேவைப்பட்டது என் விளக்கம் இல்லை. யோபின் நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், ஏழு பகல் ஏழு இரவு பேசாமல் கூட உட்கார்ந்திருந்ததுதான். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது.

யோபுவின் புத்தகத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. ஏன் இதெல்லாம் நடக்கிறது என்பது முதல் இரண்டு அதிகாரம் படிக்கிற நமக்குத் தெரியும். யோபுக்குக் கடைசிவரை தெரியாது. கர்த்தர் பெருங்காற்றிலிருந்து அவனோடு நீண்ட நேரம் பேசுகிறார். ஆனால் காரணத்தை மட்டும் சொல்வதே இல்லை. யோபு தேறியது காரணம் தெரிந்ததால் அல்ல. தன்னைக் கைவிடாமல் வந்து பேசியவரைக் கண்டதால். அதனால், நான்கு வருடம் தேடியும் நோக்கம் கிடைக்கவில்லை என்று நீங்கள் சொல்லும்போது, நீங்கள் தோற்றுவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. விடை வைக்கப்படாத ஓர் இடத்தில் நீங்கள் தோண்டிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

‘சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது’ என்ற வசனத்தை எழுதி, ‘அப்படியானால் இதுவும் நல்லதுதானே, எனக்கு ஏன் அப்படித் தெரியவில்லை?’ என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வசனம் இருக்கும் ரோமர் 8-ஐ ஆறு வசனம் முன்னாலிருந்து படித்துப் பாருங்கள். சிருஷ்டி முழுவதும் பிரசவ வேதனைப்படுகிறது என்கிறார் அதை எழுதிய பவுல். நாமும் பெருமூச்சு விடுகிறோம். என்ன ஜெபிப்பது என்று நமக்குத் தெரியாதபோது ஆவியானவரே வாக்குக்கு அடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுகிறார் என்கிறார். அத்தனை பெருமூச்சுக்குப் பிறகுதான் அந்த வசனம் வருகிறது. கெட்டதை நல்லது என்று அழைக்கச் சொல்லும் வசனம் அல்ல அது. பக்கவாதம் கெட்டது. அதைக் கெட்டது என்று சொல்ல உங்களுக்கு அனுமதி உண்டு. கெட்டதற்கு நடுவிலும் தேவன் வேலைசெய்வதை நிறுத்துவதில்லை என்பதுதான் அந்த வசனத்தின் நம்பிக்கை.

ஜெபம் வரவில்லை என்ற கவலைக்கும் அங்கேயே பதில் இருக்கிறது. 2 மணிக்கு அவரைப் புரட்டிவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமல் மூச்சு விடுகிறீர்களே, அதை ஜெபம் இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? சங்கீதம் 88-ஐ எடுத்துப் படியுங்கள். அது இருட்டிலேயே தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. தெரிந்தவர்களெல்லாம் தூரமாய்ப் போய்விட்டார்கள் என்ற புலம்பலோடு நின்றுவிடுகிறது, ஆறுதல் வரி ஒன்றுகூட இல்லை. சபை மக்கள் வருவது நின்றுபோனதைப் பற்றி நீங்கள் எழுதிய பக்கத்தைப் படித்தபோது எனக்கு அந்தச் சங்கீதம்தான் ஞாபகம் வந்தது. அதையும் ஜெபம் என்றுதான் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

சிலுவை என்று எதைச் சொல்கிறோம்?

இங்கேதான் நான் உங்களோடு கொஞ்சம் முரண்பட வேண்டியிருக்கிறது.

‘தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு’ என்று இயேசு சொன்னது, தம்மைப் பின்பற்றுவதால் வரும் விலையைத் தெரிந்தே ஏற்பதைப் பற்றி. நோயைச் சிலுவை என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. தம்மிடம் கொண்டுவரப்பட்ட நோயாளிகளில் ஒருவரிடமும், ‘இது உனக்கு நல்லது, வைத்துக்கொள்’ என்று சொல்லி அனுப்பவும் இல்லை, குணமாக்கினார். பவுல்கூட ‘முள்’ என்று தான் சொன்ன வேதனையை எடுத்துவிடும்படி மூன்று முறை கேட்ட பிறகுதான் ‘என் கிருபை உனக்குப் போதும்’ என்ற பதிலைப் பெற்றான். கேட்காமலே ஏற்றுக்கொள்வதுதான் பெரிய விசுவாசம் என்ற எண்ணம் வேதத்திலிருந்து வந்தது அல்ல.

உங்கள் வாழ்க்கையில் சிலுவை என்று சொல்லத்தக்கது ஒன்று இருக்கிறது. போய்விடலாம் என்றிருந்தும் போகாமல், அவர் பக்கத்தில் நீங்கள் இருப்பது. அதற்கு முன்னால் நான் தலைவணங்குகிறேன். ஆனால் நான்கு வருடத் தூக்கமின்மை சிலுவை அல்ல. மகன் தருகிறேன் என்ற உதவியை மறுத்ததால் வந்தது அது. சிலுவையையே எடுத்துக்கொண்டாலும், அதை இயேசு கடைசிவரை தனியாகச் சுமக்கவில்லை. சிரேனே ஊரானாகிய சீமோன் வந்து சுமந்தான். சீமோன் ஆசைப்பட்டு வரவில்லை, வழியே போனவனைப் பிடித்துச் சுமக்க வைத்தார்கள். முகம் சுளித்துக்கொண்டு செய்யப்படும் உதவியும் உதவிதான் என்று எனக்கு அதிலிருந்து தோன்றும். முந்தின இரவு கெத்செமனேயில், ‘என்னோடேகூட விழித்திருங்கள்’ என்று இயேசு மூன்று நண்பர்களிடம் கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள், அது வேறு விஷயம். ராத்திரித் துணைக்கு ஆள் வேண்டும் என்று அவரே வாய் திறந்து கேட்டிருக்கிறார் சகோதரி. நீங்கள் கேட்கக் கூடாதா?

சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். உறுதியான கிறிஸ்தவ விசுவாசி. முதலில் செவிலியர், பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளர், அதற்குப் பிறகு படித்து மருத்துவரானவர். சாகும் தறுவாயில் இருப்பவர்கள் வலியில் துடிப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். ‘பாடுகள் ஆத்துமாவுக்கு நல்லது’ என்று அவர் ஒதுங்கிக்கொள்ளவில்லை. வலி வந்த பிறகு கெஞ்சவிடாமல், வருவதற்கு முன்பே ஒழுங்கான இடைவெளியில் மருந்து கொடுக்க வேண்டும் என்று வாதாடினார். உடல், மனம், குடும்பம், ஆவி என்று எல்லாப் பக்கமும் சேர்ந்து வலிப்பதை ‘முழு வேதனை’ என்று பெயரிட்டார். 1967-இல் லண்டனில் அவர் தொடங்கிய இல்லத்திலிருந்துதான் இன்றைய நோய்த்தணிப்புச் சிகிச்சை இயக்கம் வளர்ந்தது. பாடுகளுக்குள் கிறிஸ்தவ விசுவாசம் நோக்கத்தைக் கண்டுபிடித்த ஓர் இடத்தைக் காட்டு என்று கேட்டால், நான் அதைக் காட்டுவேன். பிறவிக் குருடன் கதையிலும், ‘யார் பாவம்’ என்ற கேள்வியை ஒதுக்கிய கையோடு, ‘பகற்காலம் இருக்குமளவும் கிரியைகளைச் செய்யவேண்டும்’ என்று சொல்லி இயேசு மண்ணைக் குழைக்கக் குனிந்துவிடுகிறார். எனக்குத் தெரிந்து நோக்கம் என்பது அங்கே, அந்தக் குனிதலில் இருக்கிறது.

அந்த நான்கு விரல் தடம்

இதைச் சொன்னதற்கு உங்களுக்குத் தைரியம் வேண்டியிருந்திருக்கும். நான் மழுப்பாமல் பதில் சொல்கிறேன். அது ஓர் எச்சரிக்கை. நீங்கள் கொடுமைக்காரி என்பதற்கு அல்ல; உங்கள் தாங்கும் எல்லை முடிந்துவிட்டது என்பதற்கு. தூங்காத ஆள் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் கை மிஞ்சும். இன்னொரு முறை நடந்தால் தடத்தோடு நிற்காமல் போகலாம். அவரால் தடுக்கவும் முடியாது, யாரிடமும் சொல்லவும் முடியாது. உங்கள் பக்கத்து ஆபத்தும் சின்னது அல்ல. துணையைப் பராமரிக்கும் 66 முதல் 96 வயதுக்காரர்களை நான்கு வருடம் கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 1999-இல் வெளியானது. பராமரிப்பின் சுமையால் திணறுகிறோம் என்று சொன்னவர்கள் அந்தக் காலத்துக்குள் இறக்கும் வாய்ப்பு, அப்படிப் பராமரிக்க வேண்டிய நிலை இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது. உங்களுக்கு அந்த வயதில்லை. ஆனாலும் மயங்கி விழுந்த ஆள் நீங்கள்.

அவர் சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டதை, ‘இந்த நிலையிலும் என்னைக் காப்பாற்றினார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியும் இருக்கலாம். எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசை. ஆனால் பயமாகவும் இருக்கலாம், வெட்கமாகவும் இருக்கலாம். அவரால் சொல்ல முடியாது என்பதால் நமக்குப் பிடித்த அர்த்தத்தை நாமே எழுதிக்கொள்ளக் கூடாது. அவரிடம் கேளுங்கள். பகலில், இரண்டு பேரும் களைப்பில்லாத ஒரு நேரத்தில், டிவியை அணைத்துவிட்டு, அவர் பார்வைக்கு நேராக உட்காருங்கள். ஒரு நேரத்தில் ஒரு சின்ன வாக்கியம் மட்டும். ‘அன்றைக்கு உங்கள் கையை இறுக்கிப் பிடித்தேன்.’ பொறுங்கள். ‘வலித்ததா?’ பொறுங்கள். ஆமா, இல்ல மாறி வருகிறது என்றீர்களே, அதனால் வாய்ச் சொல்லை நம்ப வேண்டாம். ஒரு தாளில் பெரிதாக ‘ஆம்’, ‘இல்லை’ என்று எழுதி, அல்லது சிரித்த முகம், அழுத முகம் வரைந்து, இடது கையால் தொடச் சொல்லுங்கள். ‘என்னைப் பார்த்தால் பயமாக இருக்கிறதா?’ என்றும் கேளுங்கள். ‘ஆம்’ என்று தொட்டால் அதைத் தாங்கிக்கொள்ளுங்கள், விளக்கம் சொல்லாதீர்கள். மன்னிப்புக் கேளுங்கள். தேவனிடம் கேட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கணவரிடம் இன்னும் கேட்கவில்லை.

கூடவே இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள்: ‘தேவன் உங்களைக் கைவிட்டுவிட்டார் என்று நினைக்கிறீர்களா?’ நான்கு வருடமாக எல்லோரும் அவருடைய நோயின் நோக்கத்தைப் பற்றி உங்களிடம் பேசியிருக்கிறார்கள். அவரிடம் யாராவது கேட்டார்களா?

இனி செய்ய வேண்டியது

மகன் சொன்ன உதவியை ஏற்றுக்கொள்ளுங்கள். முழு வாரத்துக்கும் மனசு வராவிட்டால் வாரத்தில் மூன்று இரவாவது. வருகிறவருக்கு எப்படிப் புரட்டுவது, எங்கே தலையணை வைப்பது, தோலில் சிவப்பு தெரிந்தால் என்ன செய்வது என்று பகலில் இரண்டு நாள் காட்டிக் கொடுங்கள். ஒரு நோட்டில் நேரமும், இடமா வலமா என்பதும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

இரண்டு மணி நேரக் கணக்கைப் பற்றியும் விசாரியுங்கள். அது நல்ல நடைமுறை, ஆனால் எல்லாருக்கும் மாறாத விதி அல்ல. நல்ல மெத்தை இருந்து, தோலும் ஆரோக்கியமாக இருந்தால், இரவில் இடைவெளியை நீட்ட முடியுமா என்று மருத்துவரோ செவிலியரோ அவரைப் பார்த்துவிட்டுச் சொல்வார்கள். நான்கு வருடத்தில் ஒருமுறைகூட நீங்கள் இதைக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். நீங்களாக மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

சபைக்கு ஒரு வேண்டுகோள் அனுப்புங்கள். ‘ஜெபித்துக்கொள்ளுங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. வராமல் போனவர்களில் பாதிப்பேர் என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றுபோனவர்களாக இருப்பார்கள். ‘செவ்வாய்க்கிழமை 4 மணியிலிருந்து 6 மணிவரை ஒருவர் வந்து அவரோடு இருந்தால் நான் மருத்துவரைப் பார்த்துவிட்டு வருவேன்’ என்று நாள், நேரம், வேலை சொல்லிக் கேளுங்கள். மோசேக்குச் சொல்லப்பட்ட எழுபது பேரில் மூன்று பேர் கிடைத்தாலே போதும். வருகிறவர்களிடம், பிரசங்கம் வேண்டாம், அவரோடு பாட்டுப் பாடுங்கள் என்று சொல்லிவிடுங்கள். வார்த்தைகள் அவருக்குக் கூட வரும்.

எலியாவின் கதை உங்களுக்குத் தெரியும். ‘போதும் கர்த்தாவே’ என்று செடியடியில் படுத்துவிட்டான். வந்த தூதன் எந்த விளக்கமும் சொல்லவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிட வைத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். ‘நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்’ என்பதுதான் அவன் சொன்ன காரணம். மெல்லிய சத்தத்தில் கர்த்தர் பேசியதெல்லாம் நாற்பது நாள் கழித்துத்தான். உங்கள் பெரிய கேள்வியை நான் தள்ளிவிடவில்லை, அதை வைத்திருங்கள். ஆனால் முதலில் தூக்கம், சாப்பாடு, மாத்திரை.

ஆள் வருகிற முதல் இரவு, வேறு அறையில் படுத்துக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். அலாரத்தை அணைத்துவிடுங்கள். அப்படியும் 2 மணிக்கு விழிப்பு வரும், பழக்கம் அப்படி. பக்கத்து அறையில் அவரைப் புரட்டும் சத்தம் கேட்கும். எழுந்து போகாதீர்கள். அடுத்த வாரம், எத்தனை மணிக்கு மறுபடி தூங்கினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.